மெத்தைப்பள்ளத்தில் போட்ட இரண்டாம் துளை

போன மாதம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து இரண்டு இளம் பொறியாளர்கள் குன்னத்தில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். ஆபீசில் புதிதாக ஒரு கருவி வாங்கியிருக்கிறார்களாம். தள்ளுவண்டி மாதிரி தரையில் உருட்டிக்கொண்டு போனால் மண்ணுக்கடியில் இருப்பதைத் திரையில் கோடு கோடாகக் காட்டிவிடுமாம். "இனிமே ஓட்டையே போட வேண்டியதில்லைங்க" என்றார் ஒருவர். காபியைக் குடித்து முடித்ததும் மெதுவாக விஷயத்துக்கு வந்தார்கள். கோடு தெரிகிறது, ஆனால் எந்தக் கோடு சேறு, எந்தக் கோடு பாறை என்று தெரியவில்லை. "நீங்க எப்படிங்க தப்பில்லாமச் சொன்னீங்க?" என்று கேட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பில்லாமலா? நான் செய்த ஒரு தப்பால் பச்சைமலையில் ஓர் ஓடை செத்துப்போக இருந்தது என்று சொன்னேன். அதை எழுதித் தரச் சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதுகிறேன். எனக்கு இதில் வெட்கமும் உண்டு, கர்வமும் உண்டு. கர்வம் கொஞ்சம் அதிகம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. அப்பாவுக்கு மானாவாரியில் சோளமும் பருத்தியும். மழையை நம்பி இருக்க எனக்குப் பொறுமை இல்லை என்பதால் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று ஆராயும் அரசாங்க ஆபீசின் துளையிடும் பிரிவில் உதவியாளாகச் சேர்ந்தேன். ராடு தூக்கினேன், கிரீஸ் தடவினேன், திட்டு வாங்கினேன். பிறகு டிரில்லர், பிறகு ஃபோர்மேன். முப்பத்து நான்கு வருஷம். அரியலூர்ச் சுற்றுவட்டாரத்தில் சுண்ணாம்புக்கல், ஜெயங்கொண்டம் பக்கம் பழுப்பு நிலக்கரி, இவைதான் எங்கள் பிழைப்பு.

துளைக்கிற குழாய்க்குள் உருளையாக ஏறி வருகிற மாதிரியைக் கோர் என்போம். அதற்கென்று தடுப்பு வைத்த மரப்பெட்டி உண்டு. வெளியே எடுத்த கோர் உருளையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, பெட்டியில் அடுக்கி, நிறம் தெளிவாகத் தெரிய ஒரு நாள் வெயிலில் காயவைப்போம். குழாய் மூன்று மீட்டர் இறங்கி, கோர் இரண்டு மீட்டர்தான் வந்தது என்றால், மீதி ஒரு மீட்டருக்கு நேராக 'இழப்பு' என்று எழுதுவோம். கல் சுருங்காது. வராதது உடைந்தோ கரைந்தோ போயிருக்க வேண்டும். இதுதான் எங்கள் சட்டம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ராடு பாறையைத் தொடும் சத்தத்தை வைத்தே இது இன்ன கல் என்று நான் சொல்லிவிடுவேன். பந்தயம் கட்டியவர்களிடம் நிறைய டீ வாங்கிக் குடித்திருக்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன் ஒரு தை மாதம் பச்சைமலைக்குப் போகச் சொன்னார்கள். அரும்பாவூருக்கு மேலே, மலை மடிப்புக்குள் ஒரு சதுப்பு. சுற்றிலும் சரிவு, நடுவில் கோரையும் புல்லுமாக ஒரு பெரிய பள்ளம். மேலே நடந்தால் கால் மெத்தென்று அமுங்கி எழும்பும், நாலு அடி தள்ளி நிற்கிற ஆளும் லேசாக ஆடுவார். மலைக்காரர்கள் அதை மெத்தைப்பள்ளம் என்று கூப்பிட்டார்கள். அதன் வாயிலிருந்து ஓர் ஓடை புறப்பட்டுக் கீழே சின்ன வெங்காயக் காடுகள் வரைக்கும் போகிறது. சேற்றைத் தோண்டி எடுத்துவிட்டுக் குட்டை வெட்டினால் தண்ணீர் இன்னும் அதிகமாக நிற்கும் என்று திட்டம் போட்டிருந்தார்கள். சேறு எவ்வளவு ஆழம், பாறை எங்கே என்று சொல்வதுதான் எங்கள் வேலை.

இயந்திரத்தைக் கழற்றித் தலைச்சுமையாக ஏற்றினோம். பள்ளத்தின் ஓரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த வெள்ளையம்மா என்ற மலைக்காரப் பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார்.

"மாட்டையே ஏத்த மாட்டோம் சார். நீங்க மிஷினை ஏத்துறீங்களே!"

"உன் மாட்டுக்குப் பல்லு இருக்கு, மேஞ்சுரும். எங்க மிஷின் மேயாதும்மா" என்றேன். என் ஆட்கள் சிரித்தார்கள்.

சம்மட்டி அடிக்கு வேலையே இல்லை. இரண்டு தட்டில் குழாய் சரசரவென்று இறங்கியது. மூன்று மீட்டரில் டொக் என்று நின்றது. இழுத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றரை மீட்டர்தான் கறுப்பாக ஏதோ இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. 'மேலே ஒன்றரை மீட்டர் கறுப்புச் சேறு. அடுத்த ஒன்றரை மீட்டர் இழப்பு, கூழாக இருக்கலாம். மூன்று மீட்டரில் பாறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோர் உருளையை மேலாகக் கழுவி, பெட்டியில் அடுக்கி, வழக்கம்போல் வெயிலில் வைத்தேன். குட்டைக்குப் பொறுப்பான பொறியாளர் அதைப் படித்துவிட்டு மிகவும் சந்தோஷப்பட்டார். கொஞ்சம் சேறு, அதற்குக் கீழே கூழ், அதற்கும் கீழே கெட்டிப் பாறை. குட்டைக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? சித்திரை பிறந்ததும் மண்வெட்டும் இயந்திரங்கள் மலையேறும் என்று முடிவாகிவிட்டது.

மாசியில் ரஹ்மத் நிஷா மேடம் எங்கள் ஆபீசுக்கு மாற்றலாகி வந்தார். லப்பைக்குடிகாட்டுக்காரர். அவருடைய அத்தா வளைகுடாவில் இருபது வருஷம் கடை நடத்தியவர். மகள் சதுப்பு நிலங்களைப் பற்றி ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர், நீலகிரி உச்சியில் குளிரில் முழங்கால் சேற்றில் நின்று வேலை செய்தவர். என் மூத்த மகளைவிட இரண்டு வயது பெரியவர், அவ்வளவுதான். அவர் எனக்கு மேலதிகாரி. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை மறைக்க மாட்டேன்.

அவர் அதிர்ந்து பேச மாட்டார். யாராவது ஒன்றைச் சொன்னால் "அப்புறம்?" என்பார். நாம் சொல்லி முடித்தாலும் "அப்புறம்?" என்பார். அந்த ஒரு சொல்லில் நம் வாயிலிருந்து நமக்கே தெரியாததெல்லாம் வந்துவிடும். வந்த மூன்றாம் நாள் கோர் கிடங்குக்குள் போனவர் மெத்தைப்பள்ளத்துப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஃபோர்மேன் அண்ணே, பொட்டியில போட்டப்ப இது எவ்வளவு நீளம் இருந்துச்சு?"

"ஒன்றரை மீட்டருங்க மேடம்."

"இப்ப?"

நான் குனிந்து பார்த்தேன். பெட்டிக்குள் துண்டு துண்டாக, வெடித்து முறுக்கிக்கொண்டு, மொத்தமே ஒரு முழம்தான் கிடந்தது.

"களிமண்ணு காஞ்சா இம்புட்டு சுருங்குமாண்ணே?"

"சுருங்காதுங்க."

"அப்புறம்?"

மேடம் ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு ஆபீசுக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்கு நடந்தார், பின்னாலேயே நானும் போனேன். பாய்லருக்கு அடியில் இருந்த கரிநெருப்பில் அந்தத் துண்டை வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் புகைந்தது. பிறகு செக்கச்செவேல் என்று கனிந்தது.

"என்னாங்க இது, வறட்டியா?" என்றார் டீ மாஸ்டர்.

மேடம் என்னைப் பார்த்தார். "சேறு எரியுமாண்ணே?"

அன்றைக்கு டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே அவர் விளக்கினார். செடி செத்தால் மக்கிவிடும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு மழைக்காலம் போதும், இலை இருந்த இடம் தெரியாது. ஆனால் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஊறி நிற்கிற இடத்தில் காற்று உள்ளே போகாது. காற்று இல்லாவிட்டால் மக்கல் பாதியிலேயே நின்றுவிடும். கோரை செத்து அதன்மேல் கோரை முளைத்து, அதுவும் செத்து, மட்டம் மட்டமாக ஏறிக்கொண்டே போகும். ஒரு விரல் உயரம் ஏறவே ஒரு மனுஷ ஆயுள் ஆகிவிடும். இதற்குப் பீட் என்று பெயர், தமிழ்ப் புத்தகங்களில் முற்றா நிலக்கரி என்று போட்டிருப்பார்கள். "ஜெயங்கொண்டத்துல நீங்க தோண்டி எடுத்தீங்களே பழுப்பு நிலக்கரி, அதுவும் ஒரு காலத்துல இப்படி இருந்ததுதான்" என்றார்.

எனக்கு முகம் சுட்டது. அந்த நிலக்கரியை இருபது வருஷம் கையால் அள்ளியவன் நான். அதன் இளம் பருவத்தைப் பார்த்துச் சேறு என்று எழுதியிருக்கிறேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் உப்பில்லை, சாம்பாரில் காரமில்லை என்று கத்தினேன். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆபீசுல தப்பு பண்ணியிருந்தா ஆபீசுல போயி ஒத்துக்கிடுங்க. சாம்பார் என்னா பண்ணுச்சு?" என்றார்.

மேடம் மறுநாளே பொறியாளரைப் பார்த்துப் பேசினார். பீட் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவது, அதை வெட்டினால் ஓடைக்கு உயிரே போய்விடும் என்று சொன்னார். பொறியாளர் கெட்டவர் இல்லை. கீழே வெங்காயம் போட்டவர்களுக்குத் தண்ணீர் தர வேண்டும் என்று உண்மையாகவே அலைந்தவர். ஆனால் காகிதத்தை நம்புகிறவர்.

"மேடம், நீலகிரியில பீட் இருக்கும், ஒத்துக்கிறேன். இந்த வெயில்ல, இந்த மலையில ஏதுங்க? அப்படியே இருந்தாலும் ஒன்றரை மீட்டர்தானே? ஃபோர்மேன் எழுதிக் குடுத்திருக்காரு. அடியில கூழு, அதுக்கப்புறம் பாறை. அவரு எழுதினா நான் கண்ணை மூடிக்கிட்டு நம்புவேன்." என் பக்கம் திரும்பினார். "நாலு நாள் தரேன். மறுபடி போட்டுப் பாருங்க. மூணு மீட்டர்ல பாறை இல்லைன்னு நீங்களே உங்க கைப்பட எழுதிக் குடுத்தா நான் நிறுத்துறேன்."

இப்படியாக ஓர் ஓடையின் தலையெழுத்து என் கையெழுத்தில் வந்து நின்றது. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பங்குனி வெயிலில் மறுபடி மலையேறினோம்.

இந்தத் தடவை இயந்திரம் இல்லை, சம்மட்டி இல்லை. மேடம் கொண்டுவந்த கருவியைப் பார்த்து என் ஆள் செல்வராசு, "இது என்னாங்க, குழாப்புட்டுக்கு மாவு அள்ளுறதா?" என்றான். நெடுக்காகப் பிளந்த அரைக்குழாய், நீளம் அரை மீட்டர். திறந்த பக்கத்தில் கீலில் பொருத்திய ஒரு தகடு. தகட்டால் மூடியபடி கையால் அழுத்தி வேண்டிய ஆழத்துக்கு இறக்க வேண்டும். அங்கே கைப்பிடியை அரைவட்டம் திருப்பினால் தகடு அப்படியே நிற்க, அரைக்குழாய் மட்டும் சுழன்று பக்கத்தில் இருப்பதை வெட்டி உள்ளே வைத்துக்கொண்டு மூடிக்கொள்ளும். ஒன்றும் நசுங்காது. அங்கேதான் எனக்குப் புரிந்தது. தை மாதம் நான் இழப்பு என்று எழுதிய ஒன்றரை மீட்டர் எங்கேயும் போகவில்லை. என் குழாய் மூன்று மீட்டரையும் ஒன்றரை மீட்டராக நசுக்கி உள்ளே வைத்திருந்தது. அரியலூர்க் கல்லில் பழகிய மூளைக்கு, கோர் நசுங்கும் என்பதே தோன்றவில்லை.

மேடத்தின் முறைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பள்ளத்தை நேராக மிதிக்கக் கூடாது, பலகை போட்டுத்தான் நிற்க வேண்டும். ஒரே துளையில் தொடர்ந்து இறங்கக் கூடாது. கருவியின் மூக்கு அடுத்த அரை மீட்டரின் தலையைக் கலைத்துவிடும் என்பதால் இரண்டு துளைகளை அடுத்தடுத்துப் போட்டு, ஒற்றைப்படைத் துண்டு இதில், இரட்டைப்படைத் துண்டு அதில் என்று மாறி மாறி எடுக்க வேண்டும். எடுத்ததைப் பிளந்த பிளாஸ்டிக் குழாயில் சாய்த்து, தாளால் சுற்றி, மேல் எது என்று சிவப்புத் துணி கட்டி, ஈரச்சாக்கு போட்டு நிழலில் வைக்க வேண்டும். வெயில் அதைக் கண்ணால் பார்க்கவே கூடாது. மதியத் தொழுகைக்கு மட்டும் அவர் பலகையிலேயே விரிப்பைப் போட்டுக்கொள்வார், நாங்கள் அந்த நேரம் ராடை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருப்போம்.

பெயர் வைக்கத் தடை. இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "சேறு", "பாறை", "கூழு" என்று நான் வாயைத் திறந்தாலே கை காட்டி நிறுத்திவிடுவார்.

"பேரு கடைசியில வச்சுக்கலாம்ணே. மொதல்ல எப்படி இருக்குன்னு சொல்லுங்க. நிறம், வாசனை, பிடிச்சா என்னா ஆவுது."

பிடித்தால் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒரு உருண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிழிய வேண்டும். விரலிடுக்கில் தெளிந்த தண்ணீர் வந்தால் செடி இன்னும் மக்கவில்லை. டீத் தண்ணீர் நிறத்தில் வந்தால் பாதி மக்கியது. தண்ணீரே வராமல் பொருளே வெண்ணெய் மாதிரி விரலிடுக்கில் பிதுங்கினால் நன்றாக மக்கிவிட்டது, அந்தக் காலத்தில் பள்ளம் காய்ந்து காற்று உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். மழைக்காலமா வறட்சிக்காலமா என்பதைக் கை சொல்லிவிடும். மேடத்தின் கை சின்னது. இரண்டாம் நாளிலிருந்து பிழிகிற வேலை எனக்கு வந்தது. பிழிந்துவிட்டு நான் சொல்வேன், அவர் எழுதுவார். மூன்று தடவை நான் சொன்னதும் அவர் நினைத்ததும் ஒன்றாகவே இருந்தன. நாலாம் தடவை அவர் என்னிடம் சரிபார்க்கவே இல்லை. அந்தச் சந்தோஷத்தை நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அன்றைக்குப் பிற்பகல், தை மாதத்துத் துளைக்குப் பக்கத்திலேயே, மூன்று மீட்டரில் கருவி டொக் என்று நின்றது.

என் தப்பு சரியாகிவிட்டது என்று மனசு துள்ளியது. ஓடை, வெங்காயம் எல்லாம் மறந்துபோனது. "பாறை! நான் சொல்லல?" என்று கத்தியே விட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

"பேரு வேணாம்ணே" என்றார் மேடம். குரல் மாறவே இல்லை. "எப்படி இருக்கு?"

ராடைத் தூக்கி மறுபடி இறக்கினேன். டொக். கல்லில் ராடு மோதினால் உள்ளங்கை சுரீர் என்று எரியும், முழங்கை வரை ஏறும். முப்பது வருஷமாக என் கைக்குத் தெரிந்த எரிச்சல் அது. இங்கே எரியவில்லை. தை மாதம் என்ஜின் சத்தத்திலும் அதிர்விலும் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். மூன்றாம் தடவை மெதுவாக இறக்கினேன். கை சும்மா இருந்தது.

"கல்லு இல்லைங்க மேடம்" என்றேன்.

"அப்புறம்?"

கருவியின் மூக்கை அழுத்தித் திருகி மேலே எடுத்தேன். நுனியில் சிவப்பாக ஒரு சிராய். வெள்ளையம்மா பள்ளத்தோரத்திலிருந்து வந்து அதை வாங்கிப் பார்த்தார். நகத்தால் கீறினார், மோந்தார்.

"மரம் சார்! எந்தக் காலத்துல விழுந்துச்சோ, பச்சை வாசம் போகல பாருங்க."

பள்ளத்துக்குள் என்றோ சரிந்து விழுந்த ஒரு மரத்தை நான் பாறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். செல்வராசு என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நான் பலகையைத் தூக்கி நாலடி தள்ளிப் போட்டேன். அங்கே கருவி மூன்று மீட்டரைத் தாண்டியது. நாலைத் தாண்டியது. ராடுக்கு ராடு பூட்டிக்கொண்டே இருந்தோம். ஐந்து. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வியர்வை என்று துடைத்துக்கொண்டேன். ஆறாவது மீட்டர் முடியும் இடத்தில் கருவி சாம்பல் நிறக் களிமண்ணைக் கொண்டுவந்தது. அதற்கும் கீழே அழுத்தியபோது கறகற என்று சரளை. உள்ளங்கை எரிந்தது. இதுதான் அடி. நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார். "இப்பப் பேரு வைங்கண்ணே" என்றார்.

நாலாம் நாள் காலையில் மரநிழலில் பன்னிரண்டு துண்டுகளையும் வரிசையாக வைத்தோம். மேடம் அடியிலிருந்து மேல் நோக்கி நடந்துகொண்டே வாசித்தார். அடியில் சரளை, அது பழைய ஓடைப் படுகை. பிறகு எதிர்ச்சரிவு ஒரு பெருமழையில் இடிந்து வந்து வாயை அடைத்திருக்கிறது. அந்தப் பாறைக்குவியல் இன்றைக்கும் ஓடை புறப்படும் இடத்தில் காடு மூடிக் கிடக்கிறது, எங்களை அழைத்துப்போய்க் காட்டினார். அடைபட்ட பள்ளம் குளமானது, அதுதான் களிமண். குளத்தோரத்தில் முளைத்த கோரை உள்ளே உள்ளே நகர்ந்து குளத்தையே தின்றுவிட்டது. அதற்கு மேலே செம்பழுப்பாக நார் நாரான பீட், நல்ல மழைக்காலம். பிறகு இரண்டு சாண் கறுப்பு, பிழிந்தால் பிதுங்குகிறது, நடுவே கரித்துகள். நீண்ட வறட்சி, தீ. "எங்க மாமனாரு சொல்லுவாரு, மழையில்லாத வருசம் பள்ளம் உள்ளுக்குள்ளேயே பொகைஞ்சுக்கிட்டு கெடந்துச்சாம், நெருப்பு கண்ணுக்கே தெரியாதாம்" என்றார் வெள்ளையம்மா. மேடம் அதையும் எழுதிக்கொண்டார். கறுப்புக்கு மேலே ஒரு விரல் கனத்துக்கு மணல், சரிவு அரித்து வந்தது. அதற்கும் மேலே மறுபடி செம்பழுப்பு. மழை திரும்பி வந்திருக்கிறது, பள்ளமும் எழுந்திருக்கிறது. மேல் நுனியில் பச்சைக் கோரை வேர், நாங்கள் பலகை போட்டு நின்றது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. சரிவு இடிந்ததும் மழை பெய்ததும் பொய்த்ததும் அவ்வளவும் அந்த ஆறு மீட்டருக்குள் வரிசை பிசகாமல் இருந்தது. அதை நான் மூன்று வரியில் எழுதி, அதிலும் ஒரு வரியை இழப்பு என்று தள்ளியிருந்தேன்.

பெரம்பலூரில் கூட்டம் போட்டார்கள். பொறியாளர், மற்ற அதிகாரிகள், அரும்பாவூரிலிருந்து விவசாயிகள் பத்துப் பேர். என் பழைய அறிக்கையைச் சத்தமாக வாசித்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"அந்தக் கையெழுத்து என்னோடதுங்க. அது தப்புங்க. மூணு வரி எழுதியிருக்கேன், மூணும் தப்பு."

நான் என்னோடு இரண்டு பெட்டிகள் கொண்டுபோயிருந்தேன். ஒன்று மலையிலிருந்து ஈரச்சாக்கில் வந்த புதுக் கோர். இன்னொன்று வெயிலில் நான் காயவைத்த பழையது. ஒளித்துவைக்க வேண்டிய அந்தப் பெட்டியைக் கூட்டத்துக்குக் கொண்டுபோவது என் யோசனைதான். புதுக் கோரில் ஒரு கைப்பிடி எடுத்து மேசைமேல் ஒரு கிண்ணத்துக்கு மேலாகப் பிழிந்தேன். தண்ணீர் ஒழுகியது, ஒழுகிக்கொண்டே இருந்தது. இன்னொரு கைப்பிடி, இன்னொன்று. கிண்ணம் நிரம்பியது. பிறகு பழைய பெட்டியைத் திறந்து அந்த ஒரு முழக் கறுப்பு வெடிப்பைக் காட்டினேன்.

"வெட்டித் தெறந்துவிட்டா பள்ளம் முழுக்க இப்படித்தாங்க ஆவும். நான் ஒரு பொட்டியை இப்படிப் பண்ணிட்டேன். மலையைப் பண்ணிராதீங்க."

ஒரு விவசாயி எழுந்தார். கோபமாக இருந்தார். "அதெல்லாம் சரிங்க. குட்டை வேணாம்னா எங்க வெங்காயத்துக்குத் தண்ணி?"

மேடம் கேட்டார். "சித்திரையில ஓடையில தண்ணி வருதாங்க?"

"வருது. கொஞ்சமா."

"ஐப்பசிக்கப்புறம் மலையில மழையே இல்ல. அந்தத் தண்ணி எங்கேர்ந்துங்க வருது?"

அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பொறியாளர் மட்டும் விடவில்லை. நான் கைப்பட எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, வேலையை அப்போதைக்கு நிறுத்தி, ஒரு நிபந்தனை போட்டார். இயந்திரங்கள் கீழேயே நிற்கட்டும். கத்திரி வெயிலின் உச்சத்தில் நானே மேலே வந்து ஓடையை அளப்பேன். ஓடினால் திட்டத்தை விட்டுவிடுவேன். வறண்டிருந்தால் மறுநாளே வெட்டுவேன்.

அந்த வருஷக் கத்திரியை என்னால் மறக்க முடியாது. அரும்பாவூர் ஏரி வெடித்துக் கிடந்தது. கிணறுகளில் மோட்டார் காற்றைத்தான் இழுத்தது. தினமும் காலையில், அடிவாரத்தில் இருந்த செல்வராசுக்குப் போன் செய்து மலையில் மழை உண்டா என்று கேட்பேன். கோடைமழைகூட ஏமாற்றிவிட்டது. குறித்த நாளில் பொறியாளர், மேடம், நான் மூவரும் ஏறினோம். வழியில் இரண்டு ஓடைகளைத் தாண்டினோம், இரண்டிலும் கூழாங்கல்தான் இருந்தது. பொறியாளர் ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கடைசி வளைவு திரும்புவதற்கு முன்பே சலசலப்பு காதில் விழுந்தது. நான் ஓடினேன், அந்த வயதில். பாறைக்குவியலின் காலடியிலிருந்து டீத் தண்ணீர் நிறத்தில் ஓடை வந்துகொண்டிருந்தது. வெள்ளையம்மாவும் இன்னும் நாலு பெண்களும் குடங்களோடு வரிசையில் நின்றார்கள்.

பொறியாளர் தன் கையாலேயே வாளியை வைத்தார். செல்போனில் நொடியை எண்ணினார். வாளி நிரம்பியதும் கொட்டிவிட்டு மறுபடி வைத்தார். ஐந்து தடவை அளந்தார், ஐந்து தடவையும் ஏறக்குறைய ஒரே கணக்கு. பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு அதே தண்ணீரில் முகத்தைக் கழுவினார்.

"ஆறு மாசமா மழை இல்ல, ஃபோர்மேன்" என்றார்.

"இல்லீங்க சார்."

"நான் குட்டை வெட்டியிருந்தா இந்நேரம் காஞ்சிருக்கும்."

அவர் பாறைமேல் உட்கார்ந்து ஃபைலை விரித்தார். திட்டத்தை முடித்துவைக்கிற படிவம். 'பணியின் நிலை' என்ற கட்டத்தில் 'கைவிடப்பட்டது' என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. "மலை ஒரு தேக்கம் கட்டிக்கிட்டிருக்குதுங்க. வாயை அடைச்சு, கோரை போட்டு, ஆறு மீட்டர் ஏத்தி வச்சிருக்கு. இந்த வருசமும் ஏத்திக்கிட்டுத்தான் இருக்கு. அதைப் போயி கைவிடப்பட்டதுன்னு எழுதுறீங்களே."

அவர் என்னைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். மேடம் "அப்புறம்?" என்று கேட்கவில்லை. பொறியாளர் சிரித்துக்கொண்டே குனிந்து, அந்தக் கட்டத்தில் 'நடைபெற்று வருகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே இன்னொரு கையெழுத்துக்கு இடம் இருந்தது. பேனாவை என்னிடம் நீட்டினார்.